ஓணானும் ஜீவகாருண்யமும்

திருவண்ணாமலையில் ஓணான் அடிக்கிற பையன்களிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். ராமர் தாகத்தில் தவித்தபோது அணில் இளநீர் கொண்டுவந்ததாம், ஓணான் மூத்திரம் கொண்டுவந்ததாம். அதற்குத்தான் கல்லடி. அபத்தமான கதை. ஆனாலும் கல்லை எடுக்குமுன் ஒரு நியாயம் வேண்டியிருந்திருக்கிறது.

இதே ஊரில் ரமணாசிரமத்தில், 1948ல் இறந்த பசு லட்சுமிக்குச் சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும். கல்லடியும் சமாதியும் எதிரெதிர் துருவங்கள் என்பார்கள். இரண்டிலும் பிராணி மனிதனின் கண்முன் வந்து, அவன் கதைக்குள் நுழைந்துவிட்டது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எந்தக் கதையிலும் இல்லாத ஓணான் ஒன்று உண்டு. ஆனைமலை, பழனி மலைகளின் உச்சிச் சோலைகளில், பாசி படர்ந்த கிளைகளில், முதுகில் முள்வரிசையோடு வெயிலுக்குக் காத்திருப்பது. பூச்சி தின்று பிழைப்பது. சாலியா அனமலயானா என்பது விஞ்ஞானப் பெயர். நீலகிரியில் இருக்கும் இதன் உறவு ஊட்டி வேலிச் செடிகளில்கூடக் காலம் தள்ளிவிடுகிறது. இதற்குச் சோலை வேண்டும். மலையாகவே இருந்தாலும் நம் அருணாசலத்தில் இதற்கு இடமில்லை. உயரமும் போதாது, ஈரமும் போதாது.

ஜீவகாருண்யம் பிற உயிரின் துன்பத்தைக் கண்டபோது மட்டுமல்ல, கேட்டபோதும் அறிந்தபோதும் உண்டாகும் உருக்கம் என்றார் வள்ளலார். வாசலை அகலமாகவே திறந்துவைத்தார். என் சந்தேகம் அந்த 'அறிந்தபோது' பற்றியது. இந்த ஓணானை 1878ல் உலகுக்கு அறிவித்த பெட்டோம், சென்னை மாகாணக் காட்டிலாகாவின் தலைவர். முள்ளையும் செதிலையும் எண்ணி எழுதியவர். ஆனைமலைத் தொடரில் தேயிலை பரவியதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பின்னால் சோலைகளை ஒட்டிய புல்வெளிகளில் தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரமும், கூழுக்காக யூகலிப்டஸும் நட்டார்கள். அறிவு முந்தி வந்தது, கோடரி பிந்தி வந்தது. யாரும் ஓணானை வெறுக்கவில்லை. வெறுக்க ஒரு கதைகூடத் தேவைப்படவில்லை.

வங்கி மேஜையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது ஆச்சரியமில்லை. பேரேட்டில் தோட்டம் ஏக்கராக வரும், ஈடாக வரும், வட்டியாகவும் வரும். சோலைக்கு அதில் கட்டமே கிடையாது. பேரேடு எழுதுகிறவன் கொடூரன் அல்ல. சாயங்காலம் காக்கைக்குச் சோறு வைப்பவனாகக்கூட இருப்பான்.

கல்லெறிகிற பையனை ஓர் அதட்டலில் நிறுத்திவிடலாம். அவன் கை தெரிகிறது, ஓணானும் தெரிகிறது. இங்கே அதட்டுவதற்கு ஒரு கை வேண்டுமே. எதிரே தேநீர் டம்ளரைப் பிடித்திருக்கும் என் கைதான் இருக்கிறது.