கொடிமரத்துக்கு இப்பால்

கர்நாடக இசை கற்கச் சென்னைக்கு வந்து தங்கும் அயல்நாட்டு மாணவரின் முதல் சில மாதங்களில் தெய்வத்தின் பெயர் அநேகமாக வருவதில்லை. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று ஏழு ஸ்வரங்களே திரும்பத் திரும்ப வரும். விடியற்காலையில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு மூன்று காலங்களிலும் சாதகம் செய்வதும், சம்மணமிட்டுப் பழகாத கால்களை அடிக்கொரு தரம் மாற்றிப் போடுவதும், வெயில் ஏறுமுன் ஆசிரியர் வீட்டுக்குப் போய்ச் சேருவதுமே நாளின் பெரும்பகுதி. ஸ்வரத்துக்குச் சமயம் இல்லை.

கீதம் தொடங்கும்போது நிலைமை மாறுகிறது. மலகரி ராகத்தில் புரந்தரதாசர் இயற்றிய கீதங்களே பாடத்திட்டத்தில் முதலில் நிற்பவை. அவற்றில் முதலாவது விநாயகர் துதி. பிறகு வரும் வர்ணங்களில் காதலும் புரவலர் புகழும் உண்டு. கிருதிக்கு வந்துவிட்டாலோ பெரும்பாலும் துதிதான்: ராமன், கிருஷ்ணன், முருகன், அம்பாள், சிவன். வேறொரு சமயத்தில் பிறந்தவரோ எச்சமயத்தையும் நம்பாதவரோ இந்தச் சொற்களைப் பாடும்போது செய்வது என்ன? வழிபாடா, நடிப்பா, அல்லது ஒருவகைப் பொய்யா?

இந்தக் கேள்வி அயல்நாட்டவரோடு சேர்ந்து வந்ததன்று. தியாகராஜர் (1767–1847) தன்யாசி ராகத்தில் அமைத்த கிருதி ஒன்று, பக்தி இல்லாத சங்கீத ஞானம் நல்வழி சேர்க்காது என்றே தொடங்குகிறது. சாரமதி ராகத்தில் அவர் அமைத்த இன்னொரு கிருதி, பக்தியோடு கூடிய இசையறிவு இல்லாதவர்க்கு மோட்சம் உண்டா என்று வினவுகிறது. காவிரிக் கரையில் வாழ்ந்த அவர் முன்னே இருந்தவர்கள் கடல் கடந்து வந்த மாணவர்கள் அல்லர், உள்ளூர் வித்வான்கள். ஆகவே அவர் வைக்கும் நிபந்தனை பிறப்பைப் பார்த்து வைக்கப்பட்டதன்று. மயிலாப்பூரில் பிறந்து, ஐந்து வயதில் பாட்டு வகுப்புக்கு அனுப்பப்பட்ட பிள்ளையையும் அது அதே அளவுக்குக் கட்டுப்படுத்தும்.

இதற்கு எதிர்த்தரப்பும் மரபுக்குள்ளேயே இருக்கிறது. வீணை வாசிப்பின் உண்மையை அறிந்தவன், சுருதிகளிலும் ஜாதிகளிலும் வல்லவன், தாளம் அறிந்தவன் ஆகியோர் சிரமமின்றி முக்தி வழியை அடைவர் என்பது யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் கருத்து. அங்கே நிபந்தனையாகச் சொல்லப்படுவது அறிவு; துதிச்சொல் பேச்சிலேயே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் நாதத்தையே பிரம்மமாக வைத்து இசை இலக்கணத்தைத் தொடங்குகிறது. நாதமே பரம்பொருள் என்றால், சுருதி சேர்ந்து ஒலிக்கும் ஒரு ஷட்ஜத்துக்குப் பாடுபவரின் மதம் எப்படித் தடையாகும்? முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயக் கம்பெனியின் வாத்தியக் குழுக்கள் வாசித்த மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழித் துதிகளை எழுதினார். நொட்டுஸ்வர சாகித்தியம் எனப்படும் அவை முப்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்று பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில் அமைந்தது. அயல்மெட்டு துதியைத் தாங்குமென்றால் அயல்நாட்டுத் தொண்டை தாங்காது என்று சொல்வதற்கு நியாயம் குறைவு.

பாடுபவரின் உள்ளத்தில் உணர்ச்சி இருந்தாக வேண்டுமா என்பதை மிகக் கூர்மையாக ஆராய்ந்தவர்கள் ரசக் கோட்பாட்டினர். நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை கண்ட காஷ்மீரத்து அபிநவகுப்தர், ரசம் நடிகனிடத்தில் இல்லை, சுவைப்பவரிடத்தில்தான் விளைகிறது என்றார். நடிகனைப் பாத்திரம் என்று அழைப்பதற்கு அவர் சொல்லும் விளக்கம் தமிழருக்கு எளிதில் பிடிபடும், ஏனெனில் கதாபாத்திரத்துக்கும் சமையல் பாத்திரத்துக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். பாத்திரம் மதுவைச் சுவைப்பதில்லை. சுவைப்பதற்கு வழியாக இருக்கிறது. இதை ஏற்றால் பாடகர் நம்பிக்கை உடையவரா என்ற கேள்விக்கே இடமில்லை. ஓட்டையும் அழுக்கும் இல்லாத பாத்திரமா என்பது மட்டுமே கேள்வி.

16ஆம் நூற்றாண்டின் வைணவ ஆசாரியரான ரூப கோஸ்வாமி இதை ஒப்பவில்லை. பக்தியே ஒரு ரசம். இறைவன்மீது கொண்ட அன்பு ஏற்கெனவே உள்ளத்தில் ஊன்றியிருந்தால்தான் அந்த ரசம் விளையும் என்பது அவர் நிலை. அவருக்குப் பக்தி கலைநுட்பத்தால் உண்டாக்கிக் காட்டும் பொருளன்று. இந்த நிலைக்கு ஒரு வலிமை உண்டு. நம்பாமல் பாடப்படும் துதி எத்தனை அழகாக இருந்தாலும் அதில் ஏதோ ஒன்று இல்லை என்ற பக்தரின் உணர்வை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நடைமுறையில் ஒரு பெரிய இடர் இருக்கிறது. அந்த அன்பு இருக்கிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்து அளக்க எந்தக் கருவியும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு பாடுவதும் கண்ணீர் விடுவதும் சான்றாகா.

அளக்கக்கூடியது ஒன்று உண்டு: பொருளறிவு. தெலுங்குக் கிருதிகளைத் தமிழ்நாட்டு மேடைகளில் பாடுபவர்கள் பலருக்கும் அம்மொழி தாய்மொழியன்று. கேட்பவர்க்கும் பாடுபவர்க்கும் விளங்காத மொழியில் பாடுவது முறையா என்ற கேள்வியே தமிழிசை இயக்கத்தை எழுப்பியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. சாகித்தியத்தின் முன்னே அமெரிக்க மாணவரும் திருச்சி மாணவரும் பலவேளைகளில் ஒரே அளவுக்கு அயலார். சொல்லைத் தப்பான இடத்தில் உடைத்து, அருள் செய்யென்ற வேண்டுதலைப் பொருளில்லாத அசைகளாகச் சிதைத்துப் பாடுகிறவர் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் துதிக்குத் துரோகம் செய்கிறார். பாட்டை எழுதிக்கொள்ளும் நாளிலேயே பதம் பதமாகப் பொருள் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் மாணவர், நம்பிக்கையாளரோ இல்லையோ, அதற்கு நேர்மையாக நடந்துகொள்கிறார்.

வகுப்பறையின் அன்றாடம் இக்கேள்விக்கு நூல்கள் தராத ஒரு விடையைத் தருகிறது. மேனாட்டு ஸ்வரக் குறிப்பைப் படித்து வளர்ந்த மாணவருக்குத் தோடியின் காந்தாரம் பெரும் அதிர்ச்சி. ஏட்டில் ‘க’ என்று ஓரெழுத்து; ஆசிரியரின் குரலிலோ அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கிறது. அதை எழுதிக் காட்ட முடியாது, விளக்கியும் பயனில்லை. ஆசிரியர் பாட மாணவர் திரும்பப் பாட வேண்டும். சரியில்லை என்றால் மறுபடியும். புரிவதற்கு முன்பே ஒப்புக்கொண்டு, பல மாதங்கள் அதன் பின்னே போக வேண்டியிருக்கிறது. வடமொழியில் இந்த மனநிலைக்குச் சிரத்தா என்று பெயர். நம்பிக்கை என்பது அதன் முதற்பொருள். அதே சொல் தமிழில் சிரத்தை ஆகும்போது கவனமும் அக்கறையுமே முன்னுக்கு வருகின்றன. சிரத்தையாகப் படி என்று தமிழ்த் தாய் சொல்லும்போது எந்தக் கோட்பாட்டையும் நம்பச் சொல்வதில்லை. இசை மாணவரிடம் கேட்கப்பட வேண்டியதும், கேட்டால் கிடைக்கக்கூடியதும் இந்தத் தமிழ்ப் பொருளில் உள்ள சிரத்தைதான்.

பாட்டுக்கு வெளியே இருக்கும் சில வழக்கங்களும் மாணவரைத் தடுமாற வைக்கும். வாசலில் செருப்பைக் கழற்றுவதும், கால் பட்ட புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் எளிதில் பழகிவிடும். விஜயதசமியன்று ஆசிரியரின் காலில் விழுவது அப்படியன்று. படைத்தவனைத் தவிர வேறு எவர் முன்னும் தலை தாழ்த்தக் கூடாது என்ற சமயத்தில் வளர்ந்தவருக்கு அது மனசாட்சிப் பிரச்சினை. கைகூப்பி வணங்கினாலே போதும் என்று ஏற்கும் ஆசிரியர், இசையின் கௌரவத்தில் எதையும் இழந்துவிடவில்லை. கட்டாயத்தால் விழும் நமஸ்காரத்தில் குருவுக்கும் பெருமை இல்லை.

இதைவிடக் கடினமானது கோயில். தீட்சிதரின் கிருதிகள் பல குறிப்பிட்ட தலங்களைப் பாடுபவை. மூர்த்தியின் பெயரும் தலத்தின் சிறப்பும் அவற்றில் பொதிந்திருக்கும். அந்தக் கிருதியைப் பல மாதங்கள் பயின்ற அயல்நாட்டு மாணவர் அதே கோயிலுக்குப் போனால், இந்து அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டி வரக்கூடாது என்ற பலகையைத் தமிழ்நாட்டின் பல இடங்களில் காண்பார். சொற்களில் கருவறை வரை சென்றவர் உடலால் முற்றத்தில் நிற்கிறார். கோயில் தன் ஆகம ஒழுங்கின்படி நடக்கிறது என்பார்கள், அது தனி விவாதம். இசையைப் பொறுத்தவரை, வெளியே நிற்பவரின் குரல் அதற்குப் புதிதன்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரத்தில் தில்லையின் எல்லையில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிறார் நந்தனார். அவரைத் தடுத்தது சாதி. அந்தக் கொடுமையையும் அயல்நாட்டவருக்கு உள்ள தடையையும் ஒன்றாக்கக் கூடாது. எனினும் கர்நாடக இசை மிக உருக்கமானவை என்று போற்றும் பாடல்களில் சில, உள்ளே இருப்பவர் பாடியவையாக அமையவில்லை.

பக்தி பாடுபவரிடம் முன்னதாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க எவருக்கும் உரிமை இல்லை. சொல்லின் பொருள், உச்சரிப்பு, சுருதி, ராகத்தின் உருவம் ஆகியவற்றில் குறை வைக்கக் கூடாது என்று கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் பிறந்த ஜான் ஹிக்கின்ஸ், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படித்து, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்து, தஞ்சாவூர் விஸ்வநாதனிடம் பயின்று, திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பாடினார். பாகவதர் என்ற சொல்லுக்குப் பகவானின் அடியார் என்று பொருள். 1984இல் சாலை விபத்தில் இறந்த அவரைத் தமிழ் ரசிகர்கள் இன்றும் ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே சொல்கிறார்கள்.