கல்வெட்டின் கடைசி வரி

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி என்றால் நினைவுக்கு வருபவர் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா. வத்தலக்குண்டில் பிறந்து, சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப இந்த ஊரைத் தேர்ந்துகொண்டவர். 1925 ஜூலை 23 அன்று இங்கேயே கண்மூடினார். அவருக்கு இங்கே நினைவிடம் உண்டு, இருக்கத்தான் வேண்டும். ஆனால் நாட்டுக்காகத் தேய்ந்தவரைப் போற்றத் தெரிந்த நம் ஊர்கள், தெருவுக்காகத் தேய்ந்த உள்ளாட்சி உறுப்பினரை, அதுவும் அவர் பெண்ணாக இருந்தால், பதவிக்காலம் முடிந்த மறுமாதமே மறந்துவிடுகின்றன. இது வெறும் ஞாபகமறதியா, அநீதியா? அநீதிதான். செய்தவர் பெயர் விடுபடும் இடத்தில் செய்யாதவர் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மதுரை வில்லாபுரத்து லீலாவதியை எடுத்துக்கொள்வோம். கைத்தறி நெசவுக் குடும்பத்துப் பெண். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டோடு தமிழ்நாட்டில் நடந்த 1996 தேர்தலில் மாமன்ற உறுப்பினரானார். தன் பகுதிக்கு மாநகராட்சிக் குடிநீர் வந்தே தீர வேண்டும் என்று விடாமல் நின்றார். தண்ணீரை விலைக்கு விற்றுக் கொழித்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவியேற்று ஓராண்டுகூட நிறையவில்லை. இன்று அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்களுக்கு முதலில் தெரிவது கொலை; குழாய் அதற்குப் பிறகுதான். தியாகி என்ற சொல்லில் மரியாதை இருக்கிறது. ஆனால் அவர் சாகப் போகவில்லை, தண்ணீர் கொண்டுவரப் போனார். வெட்டுப்பட்டுச் செத்தால்தான் நினைவு என்றால், 2006இல் நெல்லை மாவட்டத்துத் தாழையூத்து ஊராட்சித் தலைவராகி, 2011இல் கொலைவெறித் தாக்குதலுக்கு ஆளாகியும் உயிர் பிழைத்த கிருஷ்ணவேணியை எந்தக் கணக்கில் வைப்பது? ஒரு கீறலும் படாமல் ஐந்தாண்டும் பொறியாளரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் மல்லுக்கு நின்ற பெண்களை?

தருமபுரிக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு பல்லில் கறையாகவும் எலும்பில் வலியாகவும் இறங்கிய மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. திட்டம் என்றதும் முதலமைச்சர்களும் ஜப்பான் கடனும் பேச்சில் வருகின்றன. அந்தத் தண்ணீர் கடைசித் தெருவின் மேட்டு வீடு வரை ஏறுகிறதா என்று காலையில் குடத்தோடு வந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது வார்டு உறுப்பினர். ஆனால் தொட்டியில் பதிக்கும் கல்வெட்டைப் பாருங்கள்: அமைச்சர், ஆட்சியர், சட்டமன்ற உறுப்பினர் எல்லாம் பெரிய எழுத்தில், உறுப்பினர் 'முன்னிலை' என்று கடைசி வரியில். பேச்சு வழக்கிலோ அந்த வரியும் அவர் கணவருக்குப் போய்விடுகிறது. 2016இல் சட்டம் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது; பெருமையில் பாதியை யாரும் ஒதுக்கவில்லை.

பொறுப்புக்கு வந்தவர் கடமையைச் செய்தார், அதற்கு எதற்கு நினைவு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியை நாம் அமைச்சர்களிடம் கேட்பதில்லை. நினைவு கடைசியில் கட்சிச் சொத்தாகிவிடும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். லீலாவதியை ஆண்டுதோறும் நினைப்பவர்கள் பெரும்பாலும் அவர் தோழர்கள்தான். மற்றவர்கள் அதை அந்தக் கட்சியின் நிகழ்ச்சியாகக் கருதி ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதில் குறை தோழர்களுடையது அல்ல, ஒதுங்கியவர்களுடையது. அவர் கேட்ட தண்ணீர் ஓட்டுப் போட்டவர் வீட்டுக்கு மட்டுமானது அல்லவே. தெருவுக்கொரு சிலை வைத்தால் ஊர் தாங்குமா என்பவர்களுக்கு, சிலையே வேண்டாம் என்பது பதில். சிலை வைத்தால் மாலை போடுவதோடு கடன் தீர்ந்ததென்று நினைத்துவிடுவோம்.

தேவைப்படுவது சரியான பதிவு. ஒவ்வொரு தீர்மானத்தையும் யாரோ ஒருவர் எழுந்து கேட்டுத்தான் பெற்றிருக்கிறார். பாப்பாரப்பட்டிப் பேரூராட்சி மன்றம் இதைத் தொடங்கி வைக்கலாம்: இனிக் கட்டும் தொட்டியிலும் கழிப்பிடத்திலும், திறந்து வைத்தவர் பெயருக்கு மேலே, அதைக் கேட்டு வாங்கிய உறுப்பினரின் பெயரைப் பொறிக்கட்டும். அவர் பெண்ணானால், கணவர் பெயர் இல்லாமல்.