மறுக்க இயலாதவரின் சம்மதம்

கடந்த ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நான்கு நாட்கள் இரணைமடுவில் தங்கியிருந்தோம். நானும் மனைவியும் பன்னிரண்டு வயது மகனும். எங்களுக்கு இடம் தந்தவர் குளத்தின் கீழே வயல் செய்யும் ஒரு விவசாயி. அவருடைய தகப்பனாரும் என் வாப்பாவும் 1990 வரை நெல் வியாபாரத்தில் கூட்டாளிகள். வாப்பா தண்ணீரூற்றிலிருந்து லொறி பிடித்து வருவார்; நெல் ஏற்றி முடியும்வரை அந்த வீட்டுத் திண்ணையில் நான் விளையாடிக்கொண்டிருப்பேன். அந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் நாங்களும் இருந்தோம். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே ஆசிரியனாகி, பிறந்த மண்ணுக்கு விடுமுறைக்காரனாக வந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இங்கே எழுப்பப்போகும் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

கேள்வி சின்னது. விடுமுறையில் இருப்பவன் ஒரு காலைப் பொழுதுக்குப் படகொன்றை அமர்த்திக்கொண்டு கடலில் மீன்பிடித்து மகிழ்வது சரியா? ஆகுமானதா என்று கேட்டால் விடை இலகு. கடல் வேட்டை நமக்கு ஹலால். இஹ்ராமில் இருப்பவருக்குத் தரை வேட்டை தடுக்கப்பட்டபோதும் கடல் வேட்டை தடுக்கப்படவில்லை. நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்வியை.

ஆசை மகனுடையது. முதல் நாள் மாலை குளக்கட்டில் நின்றபோது, தோணியில் வலை வைத்துத் திரும்பிய இருவரைக் கண்டான். அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் திலாப்பியா. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து நம் குளங்களில் விடப்பட்ட அந்த மீன், இன்று குளத்து மீன் என்றாலே அதுதான் என்னும் அளவுக்கு ஊன்றிவிட்டது. "குளத்திலை பிடிக்கிறாங்க, நாம கடல்ல பிடிப்பமா வாப்பா?" என்று கேட்டான். வீட்டுக்காரர் உடனே முல்லைத்தீவில் தமக்குத் தெரிந்த ஒரு தொழிலாளிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுறான் மாஸ்டர். மற்ற நாளிலை அவன் தொழிலுக்குப் போகவேணும்."

பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்டார். பத்தாயிரம் என்றேன். "சரி" என்று வந்துவிட்டது. பேரத்தில் வென்ற சந்தோஷத்தோடு படுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டோம். ஏ-35 வீதியில் விசுவமடு, புதுக்குடியிருப்பு கடந்து முள்ளிவாய்க்கால் வந்தபோதும் இருள் விலகவில்லை. வட்டுவாகல் பாலத்தில் வாகனம் மெதுவாகச் சென்றது. 2009 மே மாதத்தில் அந்த வழியால் வெளியே வந்தவர்களையும் வர முடியாமல் போனவர்களையும் பற்றி மகனுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்தேன். தூண்டில் பெட்டியோடு அந்தப் பாலத்தைக் கடப்பதே ஒரு கூச்சமாக இருந்தது. கடற்கரை மணலில் சுபஹு தொழுதோம். தொழுது எழும்போது கோயில் மணி கேட்டது.

படகுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். "வாங்கோ தம்பி" என்று கைபிடித்து ஏற்றினார். பைபர் படகு, வெளியே பூட்டிய எஞ்சின். கரை மங்கி வருகிற தூரத்தில், பதினைந்து பாக ஆழத்தில் நங்கூரம் போட்டார். கணவாய்த் துண்டை இரையாகக் குத்தும் விதத்தை மகனுக்குக் காட்டிக்கொடுத்தார்.

"அண்ணை, இண்டைக்கு நீங்க தொழிலுக்குப் போறேல்லையா?" என்று கேட்டு வைத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்கு இறங்கிறேல்லைத் தம்பி. பூசைக்குப் போற நாள். இண்டைக்கு வலை ஏத்தேல்லைத்தானே, உங்களைத்தானே ஏத்தியிருக்கிறன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அந்நேரம் அவரில்லாமல் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதும் பேச்சில் வந்தது.

எனக்கு அந்த இடத்தில் சனிக்கிழமைக்காரர்களின் நினைவு வந்தது. ஓய்வு நாளில் மீன்கள் கரைவரை வந்து ஆசை காட்டியதையும், அந்தக் கடலோர ஊரார் எல்லை மீறியதையும் குர்ஆன் சொல்கிறது. வெள்ளிக்கிழமையே வலையை விரித்து வைத்து, ஞாயிறு போய் அள்ளினார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரை எடுத்த தந்திரம் அது. இதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இங்கே தந்திரம் செய்தவர் யார்? வலை ஏற்றவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்ட அவரா, அவருடைய ஓய்வு நாளைப் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய நானா? ஜும்ஆவுக்கு அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விடச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்தவன் நான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு என்னை ஒருவர் இப்படி வாடகைக்கு அமர்த்தினால் எனக்கு எப்படி இருக்கும்?

"அவருடைய விருப்பத்தோடுதானே வந்தார்" என்று மனம் வாதாடியது. வியாபாரத்துக்கு இரு தரப்பின் பொருத்தம் வேண்டும், பொருத்தம் இருந்ததே. ஆனால் அவர் பேச்சுவாக்கில் எஞ்சினுக்கான மண்ணெண்ணெய்க் கணக்கையும் சொன்னார். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது நமக்குச் செய்தி. அவருக்கு அது தொடர்ந்து பல வாரங்கள் படகு கரையில் கிடந்த கதை. பின்னர் விலை இறங்கியபோதும் பழைய இடத்துக்கு வரவில்லை. அந்த நாட்களில் பட்ட கடன் இன்னும் முடியவில்லை என்றார். எதிரே இந்திய இழுவைப் படகுகள், அருகே தென்பகுதியிலிருந்து பருவத்துக்கு வருவோருடனான பிணக்கு, 2004 சுனாமியில் ஒருமுறை, போரில் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து முதலிலிருந்து தொடங்கிய வாழ்க்கை. இப்படிப்பட்டவரிடம் பத்தாயிரத்தைக் காட்டி "வருகிறீர்களா?" என்று கேட்டால், அது உண்மையில் கேள்விதானா? 'இல்லை' என்று சொல்ல இயலாதவரின் 'சரி'யைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாமா?

இந்த யோசனையில் இருக்கும்போதே மகனின் தூண்டில் இழுபட்டது. கையகல விளைமீன் ஒன்று. அவன் துள்ளினான். பிறகு அதன் வாயைப் பார்த்தான், துள்ளல் நின்றது. "சின்னது வாப்பா, விட்டுருவோம்" என்றான். விட்டோம். மீன் வயிறு மேலே தெரியப் புரண்டு மிதந்தது.

"ஆழத்திலயிருந்து கெதியா இழுத்தால் உள்ளுக்கை காத்து ஊதிப் போகும். இனி அது தாழாது மகன்" என்றார் படகுக்காரர். சற்று நேரத்தில் கடற்பறவை ஒன்று வந்து அதைக் கொத்திக்கொண்டு போயிற்று.

பிடித்து விடுவது இரக்கம் என்று நானும் நினைத்திருந்தேன். மேற்கு நாடுகளில் அதைப் பண்பட்ட விளையாட்டாகவே கொண்டாடும் சங்கங்கள் பல உண்டு. ஆனால் சுவிட்சர்லாந்து 2008இல் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளில், திருப்பி விடும் எண்ணத்தோடே மீன் பிடிப்பதைத் தடைசெய்தது. உண்பதற்குப் பிடி, அல்லது பிடிக்காதே என்பதே அதன் சாரம். மீனுக்கு வலி உண்டா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 2003இல் லின் ஸ்நெட்டன் என்ற விஞ்ஞானி குழுவினருடன் செய்த ஆய்வில், உதட்டில் தேனீ நஞ்சோ அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் உணவை மறுத்தன. சில உதட்டைத் தொட்டியின் அடியில் தேய்த்தன. இது வெறும் அனிச்சைச் செயல் என்போரும் இருக்கிறார்கள். விஞ்ஞானிகள் முடிவுக்கு வரட்டும். உயிருள்ளதை அம்புக்கு இலக்காக்கி விளையாடுவதை நபிகளார் தடுத்ததற்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்றொரு அறிவிப்பு நஸாயீயில் உண்டு. அதன் வலிமைபற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். அது சொல்லும் பொருளில் எனக்கு ஐயமில்லை. எதற்காகக் கொன்றாய் என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. உண்பதற்காக என்றால் பதில் உண்டு. பொழுது போவதற்காக என்றால்?

கடல் வேட்டையை ஆகுமாக்கும் வசனம், அது அங்கே இருப்போருக்கும் வழிப்போக்கருக்கும் பயனாகும் உணவு என்று காரணத்தையும் சேர்த்தே சொல்வதை அன்றுதான் ஊன்றிக் கவனித்தேன். வழிப்போக்கனுக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அது உணவின் பங்கு. மேலும், அங்கே இருப்போர் முதலில் சொல்லப்படுகிறார்கள்.

ஒன்பது மணிக்குக் கரைக்குத் திரும்பினோம். எட்டு விளைமீனும் இரண்டு பாரையும் இருந்தன. பாதியை அவரிடம் கொடுத்தேன். பேசிக் குறைத்த இரண்டாயிரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். போன பூசையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அன்று மாலை மீண்டும் குளக்கட்டுக்குப் போனோம். சிறுபோகம் முடிகிற காலம்; நீர் இறங்கி, ஓரங்களில் சேறு வெடித்துக் கிடந்தது. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடித்த குளம் இது. 2018இல் புனரமைத்து மட்டத்தை உயர்த்தினார்கள். அதே டிசம்பரில் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, வெள்ளமும் வந்தது. வழிகிற நீர் சுண்டிக்குளம் கடனீரேரியில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. காலையில் நாங்கள் மிதந்த கடல் அதற்குத் தென்கிழக்கே.

காலையில் நடந்ததை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேறொரு கதை சொன்னார். இந்தக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்க இசைந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே எல்லா வயலுக்கும் நீர் போதாதபோது எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள்.

"எங்களைத் தண்ணி குடுக்க மனமில்லாத சனம் எண்டு பேசினவை. குடிக்கிற தண்ணியை ஆர் மாஸ்டர் மறுப்பான்? எங்களைக் கேட்காமல் தீர்மானிச்சதைத்தான் மறுத்தம்."

குடாநாட்டின் தாகமும் பொய்யல்ல. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கியிருக்கும் அதன் கிணற்று நீர் பல இடங்களில் மாசுபட்டுவிட்டது. நீரில் எல்லா மக்களும் பங்காளிகள் என்பது நமக்கும் தெரிந்த நபிமொழி. எனினும் அந்த மறுப்பு நின்றது. கடைசியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. செலவு கூடிய வழிதான். ஆனால் ஒரு தரப்பு 'இல்லை' என்று சொல்ல முடிந்ததனால்தான் இன்னொரு வழி தேடப்பட்டது.

அவர் சொன்னதில் எனக்கு என் கேள்வியின் பாதி விடை கிடைத்தது. விவசாயிகளுக்குச் சம்மேளனம் இருந்தது, குரல் இருந்தது, மறுத்தார்கள். படகுக்காரருக்குக் கடன் இருந்தது, மறுக்கவில்லை. மீனுக்கு வாய் இருந்தும் சொல் இல்லை. 1990இல் எங்களிடம் எவரும் எதுவும் கேட்கவே இல்லை. இவை எல்லாவற்றையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. ஒரு காலைப் பொழுதின் உல்லாசத்தையும் ஒரு சமூகத்தின் வெளியேற்றத்தையும் எவரும் சமப்படுத்த முடியாது. ஆனால் கேட்கப்படாமல் போவது எப்படி இருக்கும் என்று அறிந்தவன், கேட்கும் முறையில் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டாமா? மறுக்கக்கூடியவரிடம் கேட்கலாம். மறுக்க இயலாதவரிடம், அது மனிதனானாலும் மீனானாலும், தேவைக்குமேல் எடுக்காமல் இருக்கலாம். விலை பேசுவதை மட்டும் கேட்பது என்று எண்ணிவிடக் கூடாது.

மகிழ்ச்சியே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. மகன் இன்றும் அந்தக் கடலைப் பற்றியே பேசுகிறான். அதை அவனுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. துயரம் நடந்த கரை என்பதால் அங்கே எவரும் சிரிக்கக் கூடாதென்றால், அங்கேயே வாழ்பவர்கள் எங்கே போய்ச் சிரிப்பார்கள்?

புத்தளம் திரும்பிய பின் படகுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுத்த விடுமுறைக்கும் வருவோம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கிழமை நாள் ஒன்றில் கூட்டிப் போவீர்களா என்று கேட்டேன்.

"ஏலாது தம்பி. கிழமை நாளிலை உங்களை ஏத்திக்கொண்டு திரிஞ்சால் என்ரை தொழில் என்னாகிறது?" என்றார்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "வலை இழுக்க வாறதெண்டால் வாங்கோ. காசு வேண்டாம். படுற மீனிலை உங்கடை பங்கைத் தாறன்."