முதற்சொல் உலகம்

உ
சிவமயம்



நம்மவர் எதை எழுதத் தொடங்கினாலும் தலைப்பில் ‘உ’ என்று பிள்ளையார் சுழி இட்ட பின்பே அடுத்த எழுத்தை எழுதுவர். கலியாணச் சாமான் பட்டியலாக இருந்தாலும், கோவில் வரவு செலவுக் கொப்பியாக இருந்தாலும், தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைக்கு எழுதும் கடிதமாக இருந்தாலும் அந்த வழக்கத்தை விடமாட்டார்கள். தொடக்கம் மங்கலமாக அமைந்தால் முடிவும் மங்கலமாக அமையும் என்பது முன்னோர் நம்பிக்கை.

நூல் செய்த புலவர்களும் இதில் மிகுந்த கவனம் வைத்தார்கள். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல, ஒரு நூலின் முதற்சொல்லுக்கும் பத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று பாட்டியல் நூல்கள் விதிக்கின்றன. அவற்றுள் முதலாவது மங்கலப் பொருத்தம். திரு, சீர், பூ, மணி, நீர், கடல், மலை, திங்கள், உலகம் முதலிய சொற்களை மங்கலச் சொற்கள் என்று பெரியோர் வகுத்துள்ளனர். இவற்றுள் எதையும் புலவர் முதலில் வைக்கலாம்.

இத்தனை சொற்கள் இருந்தும், நமது பழைய பெருநூல்கள் சிலவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் அவை ஒரே எழுத்துக்களில் தொடங்குவதைக் காணலாம். பத்துப்பாட்டில் முதலாவதும், பதினோராந் திருமுறையில் இடம்பெற்றதுமான திருமுருகாற்றுப்படையின் முதற்சொல் ‘உலகம்’. கம்பராமாயணத்தின் கடவுள் வாழ்த்து ‘உலகம்’ என்று தொடங்குகின்றது. பன்னிரண்டாந் திருமுறையாகிய பெரியபுராணம் ‘உலகெலாம்’ என்று தொடங்குகின்றது. பதிகத்தை அடுத்து வரும் மணிமேகலையின் முதற் காதையும் ‘உலகம்’ என்றே ஆரம்பமாகின்றது. சீவகசிந்தாமணியின் முதற் பாட்டில் மூன்றாவது சொல் அது. திருக்குறளின் முதற் குறள் அந்தச் சொல்லில் வந்து முடிகின்றது.

இந்த நூல்களைச் செய்தவர்கள் ஒரு காலத்தவர்கள் அல்லர்; ஒரு சமயத்தவர்களும் அல்லர். முருகனைப் பாடியவர் நக்கீரர். இராமனைப் பாடியவர் கம்பர். சிவனடியார்களைப் பாடியவர் சேக்கிழார். மணிமேகலை பௌத்த காவியம். சிந்தாமணி சமண காவியம். தெய்வத்தைப் பற்றிய கொள்கையில் இவர்கள் வேறுபட்டார்கள். ஆனால் ஏடும் எழுத்தாணியும் எடுத்தபோது, முதலில் நினைக்க வேண்டியது உலகத்தை என்பதில் ஒன்றுபட்டார்கள். தமிழில் உலகம் என்ற சொல்லுக்கு மண்ணுலகம் என்பது மட்டும் பொருளன்று. அதில் வாழும் உயிர்களையும் மக்களையும் அச்சொல் குறிக்கும்.

பெரியபுராணத்தின் முதற்சொல்லைச் சேக்கிழார் தாமாகத் தெரிந்தெடுக்கவில்லை, தில்லையிலே கூத்தப்பெருமானே அசரீரியாக அடியெடுத்துக் கொடுத்தார் என்பது நம் சைவ மரபு. இறைவன் தம் அடியார்களின் வரலாற்றைப் பாடச் சொல்லி ஒரு சொல்லைக் கொடுக்கும்போது ‘தில்லை’ என்று கொடுத்திருக்கலாம். ‘சிவம்’ என்று கொடுத்திருக்கலாம். சோழநாட்டு அமைச்சராகிய சேக்கிழாருக்குச் சோழன் புகழைக் கொடுத்திருக்கலாம். அவர் கொடுத்தது ‘உலகெலாம்’. இதை நாம் ஊன்றிச் சிந்திக்க வேண்டும்.

அந்தச் சொல்லுக்கு நூல் உண்மையாக நடந்துகொண்டதா என்றும் பார்க்க வேண்டும். நுழைவாயிலில் பெரிய பெயர்ப்பலகை இருந்து உள்ளே ஒன்றுமில்லாவிட்டால் அதனாற் பயனில்லை. பெரியபுராணத்தின் உள்ளே சென்று பார்ப்போம். அங்கே குயவராகிய திருநீலகண்டர் இருக்கின்றார். வேடராகிய கண்ணப்பர் இருக்கின்றார். கடலில் வலை வீசிய அதிபத்தர், அழுக்குத் துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர், தறியில் நெய்த நேசர், செக்காட்டிய குலத்துக் கலியர், யாழ் வாசித்த பாணர், பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையார், முடிசூடிய சேரமான் பெருமாள், அந்தணராகிய திருஞானசம்பந்தர் எல்லோரும் ஒரே வரிசையில் இருக்கின்றார்கள். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிய திருநாளைப்போவாரும் அங்கே இருக்கின்றார். திருப்புன்கூரில் வெளியே நின்று தரிசிக்க விரும்பிய அவருக்காக நந்தியே விலகியது. ஈற்றில், நூலின் கடைசிப் பாட்டும் ‘உலகெலாம்’ என்ற அதே சொல்லில் நிறைவு பெறுகின்றது.

திருமுருகாற்றுப்படை பிறந்த கதையையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். திருப்பரங்குன்றத்தில் ஒரு பூதம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரைக் குகையில் அடைத்துவைத்து, ஆயிரமாவது ஆளாக நக்கீரரையும் பிடித்து அடைத்தது. நக்கீரர் முருகப்பெருமானைப் பாடினார். பெருமான் வந்து அனைவரையும் மீட்டார். பாடியவர் ஒருவர், வெளியே வந்தவர்கள் ஆயிரம் பேர். ‘உலகம்’ என்று தொடங்கிய பாட்டு வேறு எவ்வாறு பலிக்க முடியும்?

இனி நம் ஆலயத்துக்கு வருவோம். பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதுகின்றோம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு ஆகியவற்றின் பின் புராணம் என்று பெரியபுராணத்திலிருந்து ஒரு பாட்டைப் பாடுகின்றோம். அநேகமாக நாம் பாடுவது ‘உலகெலாம்’ என்ற அந்த முதற் பாட்டுத்தான். அதன்பின் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராண வாழ்த்தைப் பாடுகின்றோம். மழையையும் விளைச்சலையும் நல்லாட்சியையும் உயிர்கள் குறைவின்றி வாழ்வதையும் வேண்டும் அந்த வாழ்த்து ‘உலகமெல்லாம்’ என்ற சொல்லில் முடிகின்றது. பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் அது மனப்பாடம். ஆகவே சில நிமிடங்களுக்குள் இரண்டு தடவை உலகம் முழுவதையும் வாயினால் நினைத்துவிட்டே விபூதி பிரசாதம் வாங்குகின்றோம்.

ஆனால் மனதில் முதற்சொல் என்ன என்பதே கேள்வி.

அடியேன் அரசாங்கத்தில் லிகிதராகக் கடமையாற்றிய காலத்தில் விண்ணப்பங்களும் பெட்டிசங்களும் கட்டுக்கட்டாக மேசைக்கு வரும். அவற்றிற் பெரும்பாலானவை ‘நான்’ என்றோ ‘எனது’ என்றோ தொடங்கும். அதிற் பிழையில்லை, அலுவலகத்துக்கு அப்படித்தான் எழுத வேண்டும். எப்போதாவது ‘எமது கிராமத்துக் குளத்துக்கட்டு’, ‘எமது பாடசாலைப் பிள்ளைகள்’ என்று தொடங்கும் மனு ஒன்று வரும். அதைக் கையில் எடுக்கும்போதே ஒரு மரியாதை பிறக்கும். ஆண்டவன் சந்நிதியில் நாம் வைக்கும் மனு எந்த வகையைச் சேர்ந்தது? அருச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கொடுக்கின்றோம். மகனின் விசா, மகளின் கலியாணம், காணி வழக்கு, உடம்பில் உள்ள நோய் எல்லாவற்றையும் சொல்லி வேண்டுகின்றோம். பிள்ளை தாயிடம் கேட்பது போன்றது அது, கேட்கத்தான் வேண்டும். கேட்கும் வரிசையில் உலகம் எத்தனையாவது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தச் சொல்லை வாயளவில் வைத்துக்கொண்டு நம் சமூகம் நடந்த காலமும் உண்டு. உள்ளே ‘உலகெலாம்’ என்று ஓதிக்கொண்டு, வாசலில் நின்ற அடியவரைக் குலத்தின் பேரால் உள்ளே விடாத ஆலயங்கள் நம் பகுதியில் இருந்தன. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டில் வந்த பின்பும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசம் வேண்டி மக்கள் அறவழியிற் போராட நேர்ந்தது. திருநாளைப்போவாருக்கு நந்தி விலகிய கதையை ஆண்டுதோறும் படித்த நாம், மனிதர் விலகுவதற்குச் சட்டம் வரவேண்டியிருந்ததை மறைப்பதாற் பயனில்லை. படித்த புராணம் நெஞ்சில் இறங்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

மறுபுறத்தில், அச்சொல் உயிரோடு எழுந்து நடந்த நாட்களையும் கண்டோம். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோதும், போரினால் ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலங்களிலும், கோவில் மண்டபங்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் கதவைத் திறந்து வைத்தன. பசித்து வந்தவரிடம் எந்தப் பகுதி, யாருடைய ஆள் என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமிருக்கவில்லை. ஒரே கிடாரத்துக் கஞ்சியை எல்லோரும் குடித்தோம். துன்பம் வந்தபோது நமக்கு எளிதாக இருந்த ஒன்று, மகோற்சவ காலத்தில் ஏன் கடினமாக வேண்டும்?

மகோற்சவம் நெருங்கும்போது எந்த ஊரிலும் எழும் கதைகளை நீங்கள் அறிவீர்கள். எந்தத் திருவிழா எந்தக் குடும்பத்துக்கு, தேர் வடத்தில் முன்னுக்கு நிற்பவர் யார், கல்வெட்டில் யாருடைய பெயர் மேலே, காளாஞ்சி முதலில் யாருக்கு என்று மனஸ்தாபம் வளரும். அண்ணன் தம்பியே பேசாமல், ஒருவர் வடக்கு வாசலாலும் மற்றவர் தெற்கு வாசலாலும் வருவர். இவ்வளவுக்கும் இருவரும் பாடுவது ஒரே வாழ்த்து. தேர் அசைவது முன்னுக்கு நிற்பவரின் பலத்தால் மட்டுமன்று; கடைசியில் வடத்தைத் தொட்டு நிற்கும் பெயர் தெரியாத பிள்ளையின் பலமும் அதிற் சேர்கின்றது.

ஆகவே அடியார்களிடம் மூன்று சிறு விண்ணப்பங்கள் வைக்கின்றேன். முதலாவது, அருச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்வதற்கு முன், ‘உலகம் நன்றாயிருக்க வேண்டும்’ என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. இரண்டாவது, அன்னதானப் பந்தியில் உங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவருக்குப் பக்கத்தில் அமருங்கள். வயது போனவருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் முதலில் இலை போடச் சொல்லுங்கள். மூன்றாவது, யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாதிருந்தால், கொடியேறுவதற்கு முன் அவர் வீட்டுப் படலையைத் திறந்து ‘திருவிழாவுக்கு வாருங்கோ’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் வராவிட்டாலும் உங்கள் கணக்கில் அது வரவாகவே பதியப்படும்.

இப்படி நடந்தால் நாம் கேட்பவை கிடைக்காமற் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. உலகம் என்ற சொல்லுக்குள் நம் வீடும் இருக்கின்றது, நம் பிள்ளையும் இருக்கின்றது. ஊருக்கு மழை பெய்தால் நம் வளவு மட்டும் காய்ந்து கிடக்காது.

அடுத்த முறை பஞ்சபுராணம் ஓதுபவர் ‘உலகெலாம்’ என்று குரலெடுக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்குப் பிடிக்காத ஒருவரின் முகத்தையும் அந்தச் சொல்லுக்குள் சேர்த்துப் பாருங்கள். அது இயலுமானால், கூத்தப்பெருமான் சேக்கிழாருக்கு எடுத்துக் கொடுத்த அடியை நமக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றே கொள்ளலாம்.

எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருள் ஊரவர் அனைவருக்கும், உலகத்தவர் அனைவருக்கும் கிடைக்க வேண்டுமென அவர் திருவடிகளைப் பணிந்து அமைகின்றேன்.

சுபம்