பேருந்தில் எழுதிய நாஸ்திகம்

கடவுள் பெரும்பாலும் இல்லை, ஆதலால் கவலையை விட்டு வாழ்க்கையை அனுபவியுங்கள் என்னும் கருத்துள்ள விளம்பரத்தைத் தாங்கி, 2009ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரிட்டன் தேசத்து நகரங்களில் 800 பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது, அந்நாட்டுக் கிறிஸ்தவர்களில் சிலர் கொதித்தெழுந்தனர், சிலர் வருந்தினர், வேறு சிலர், இது வியப்பானதாயினும், அதனை வரவேற்றனர்.

அந்த விளம்பரம் வெறும் துவேஷத்தில் பிறந்ததன்று. அதற்கு முன்பே லண்டன் பேருந்துகளில் வந்த கிறிஸ்தவ விளம்பரம் ஒன்று சுட்டிய இணையதளத்தில், விசுவாசியாதோர் நித்திய காலமும் அக்கினியில் வேதனைப்படுவர் என்று எழுதியிருக்கக் கண்ட அரியான் ஷெரின் என்னும் எழுத்தாளர், 2008 ஜூன் மாதத்துக் 'கார்டியன்' பத்திரிகையில் அதைக் கண்டித்து, ஆறுதலான மறுமொழி ஒன்றை நாமும் பேருந்திலேயே எழுதுவோம் என்றார். அவ்வாண்டு அக்டோபரில், பிரிட்டிஷ் மனிதநேயச் சங்கத்தின் ஆதரவுடன் நிதி திரட்டத் தொடங்கியபோது, இலக்காக வைத்த தொகை 5,500 பவுன்; அதே அளவு தாமும் தருவதாக நாஸ்திக அறிஞர் ரிச்சர்டு டாக்கின்ஸ் வாக்களித்தார்; வந்து குவிந்ததோ 1,50,000 பவுனுக்கும் மேல். நரகத்தைக் காட்டி அச்சுறுத்தும் பிரசாரம் எத்தனை உள்ளங்களைப் புண்படுத்தியிருக்கக்கூடும் என்று திருச்சபையினர் முதலில் தம்மையே கேட்டிருக்க வேண்டிய தருணம் அது.

ஆனால் 'கிறிஸ்டியன் வாய்ஸ்' இயக்கத்தின் ஸ்டீபன் கிரீன், கடவுள் பெரும்பாலும் இல்லை என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, விளம்பரங்களின் தரத்தைக் கண்காணிக்கும் ஆணையத்திடம் முறையிட்டார். இது விளம்பரதாரரின் அபிப்பிராயமேயன்றிச் சான்று காட்டி நிரூபிக்கத்தக்க விஷயமன்று என ஆணையம் அம்முறையீட்டைத் தள்ளியது. அவர் வென்றிருந்தால், கடவுள் உண்டு என்று எழுதும் ஒவ்வொரு கிறிஸ்தவனிடமும் அதே ஆணையம் அதே ஆதாரத்தைக் கேட்டிருக்கும். விசுவாசத்தின் இயல்பையே மறந்த முறையீடு அது.

பிப்ரவரியில் எதிர் விளம்பரங்கள் புறப்பட்டன. அவற்றுள், திரித்துவ வேதாகமச் சங்கம் தேர்ந்தெடுத்தது, கடவுள் இல்லை என்பவனை மதிகேடன் எனக் கூறும் 53ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். அச்சங்கீதத்தைத் தொடர்ந்து வாசிப்போர், அது ஜனங்களை அப்பத்தைப் பட்சிப்பது போலப் பட்சிக்கும் அக்கிரமக்காரர்களை நோக்கி எழுந்த குரல் என்பதை அறிவர். நேர்மையாக ஐயுறும் ஒருவன்மீது வீசுவதற்கு அது இயற்றப்பட்டதன்று. சவுதாம்ப்டன் நகரத்தில் நாஸ்திக விளம்பரம் தாங்கிய வண்டியை ஓட்ட மறுத்த ஓட்டுநர் ஒருவரோ, பிறரைப் பழிக்காமல் தம் மனச்சாட்சிக்கு மட்டும் கீழ்ப்படிந்தார். அவரை நான் மதிக்கிறேன்.

மெதடிஸ்டு திருச்சபையோ, மக்கள் கடவுளைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்க வாய்ப்பளிக்கும் என நாஸ்திக விளம்பரத்தை வரவேற்றது. 'தியோஸ்' என்னும் கிறிஸ்தவ ஆய்வுக் கழகம் அவ்விளம்பர நிதிக்கே 50 பவுன் நன்கொடை அளித்தது. பவுல் அப்போஸ்தலர் ஏதென்ஸ் நகரில், அறியப்படாத தேவனுக்கென்று எழுதிய பலிபீடத்தைக் கண்டு, அதை இடித்தெறியச் சொல்லாமல், அங்கிருந்தே தம் பேச்சைத் தொடங்கியதை நினைப்போர்க்கு இதுவே பழைய, நேரான வழி என்பது விளங்கும்.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. கவலைப்படாதீர்கள் என்பது மலைப்பிரசங்கத்தில் இயேசுவே கூறிய வார்த்தை. நாஸ்திக விளம்பரத்தின் அப்பாதி, அக்கினியைக் காட்டிய இணையதளத்தைவிட அவருக்கு அணுக்கமாக நிற்கிறது. ஆயினும், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோர் பெருகிய அந்தக் குளிர்காலத்தில், வாழ்க்கையை அனுபவியுங்கள் என்ற மொழி, அனுபவிக்க ஏதுமற்றவனுக்கு எதைத் தரும்? அவனுக்கு விளம்பரதாரர்களிடம் விடையில்லை. கிறிஸ்தவர்களிடம் விடை உண்டெனில், அதை அவர்கள் பேருந்தின் பக்கங்களில் தேட வேண்டாம், அவன் வீட்டுக்கே சென்று அவன் பசியையும் தனிமையையும் பகிர்ந்துகொள்ளட்டும்.