மறைவும் ஒளிப்பும்

நன்மை பிறர் கண்ணில் பட வேண்டுமா, மறைந்திருக்க வேண்டுமா? அறம் பேசுவோர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இவ்வினா, வீட்டுக் கொல்லையில் முதன்முறையாக உருளைக்கிழங்கு ஊன்றுபவர் முன்னும் வந்து நிற்கிறது. கத்தரியும் வெண்டையும் தம் காய்களைக் கண்முன்னே தொங்கவிடுகின்றன. இன்று எத்தனை, நாளை எத்தனை என்று எண்ணிக் கொள்ளலாம். உருளையோ தழையை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மண்ணுக்குள் வைத்துக்கொள்கிறது. ஏறத்தாழ மூன்று மாதங்கள், பயனைக் காணாமலே நீர் பாய்ச்ச வேண்டும்.

விருத்தாசலத்தை அடுத்த எங்கள் கருவேப்பிலங்குறிச்சிப் பகுதிக்கு, மண்ணுக்கடியில் விளைவது புதிதன்று. மல்லாட்டையின் பூ வெயிலில் மலர்ந்தாலும், அதன் காம்பு மண்ணுக்குள் இறங்கிய பின்னரே காய் பிடிக்கிறது. மல்லாட்டை, மரவள்ளி, முந்திரி ஆகிய மூன்றும் தென் அமெரிக்காவில் தோன்றிக் கடல் கடந்து வந்து நம்முடையவை ஆகிவிட்டவை. உருளையும் அக்கண்டத்து ஆண்டிஸ் மலைமக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பண்படுத்திய பயிரே. 1820-களில் ஜான் சல்லிவனின் முயற்சியால் நீலகிரிக்கு வந்த அது, மலைக்குளிரில் வேரூன்றியது.

சமவெளியில் அதற்குத் தடையாய் இருப்பது இரவின் வெப்பம். இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏற ஏற, கிழங்கு கட்டுவது குறைந்துகொண்டே போகும். செடி மட்டும் தழைத்து உயரும். ஆகவே அடைமழை தணிந்தபின் ஊன்றி, மார்கழி, தை மாதக் குளிரைப் பயன்படுத்திக்கொள்வதே நம் பக்கத்தில் இதற்குள்ள வாய்ப்பு. அப்போதும் மலைநாட்டு விளைச்சலை எதிர்பார்க்க இயலாது. மேலே பசுமையும் கீழே வெறுமையுமாக ஒரு செடி இருக்கக்கூடும் என்பதே கொல்லை தரும் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் மண் அணைக்கும்போது கிடைக்கிறது. உருளைக்கிழங்கு வேரன்று, மண்ணுக்குள் பருத்த தண்டு. வெளிச்சம் பட்டால் அது தண்டின் இயல்பைக் காட்டிப் பச்சை பூக்கிறது. அதனோடு சொலனின் என்னும் நச்சுப்பொருளும் அதில் கூடிக் கைப்பேறுகிறது. எனவேதான் ஊன்றிய ஏறத்தாழ ஒரு மாதத்தில் தொடங்கி, செடியின் அடியில் மண்ணை அணைத்து அணைத்துக் கிழங்கை மூடுகிறோம். உணவாக வேண்டிய ஒன்று, காலத்திற்கு முன் வெளிப்பட்டதாலேயே நஞ்சாகிறது. கொடுத்ததைக் கல்வெட்டில் காண விரும்புகிறவரின் ஈகைக்கும், பிறர் பாராட்டும்வரை நீளும் பணிவுக்கும் நேர்வது இதுதானே? ஈகை அங்கே இல்லாமற் போகவில்லை. பெற்றவனுக்குக் கசக்கத் தொடங்கிவிட்டது.

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலாளர் இதை வேறு வழியில் அறிவர். சூளையை மூடித் தீயிட்டபின் உள்ளே நடப்பதைக் காண இயலாது. பொறுமையிழந்து சூடு தணியுமுன் திறந்தால் கலங்கள் வெடித்துப்போகும்.

இதுவரை எண்ணியவர், மறைவே நன்மை என்று முடிவு கட்டிவிடக் கூடும். ஆனால் அதே மண் வேறொன்றையும் மறைக்கிறது. 1961-இல் உதகமண்டலத்தில், உருளையின் வேரைத் தாக்கும் ஒருவகை நூற்புழு கண்டறியப்பட்டது. அதன் முட்டைக்கூடுகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். நீலகிரி விதைக்கிழங்கு பிற பகுதிகளுக்குச் செல்லாதபடி தடை விதிக்கப்பட்டது இதனாலேயே. கண்ணுக்குப் பழுதற்றுத் தெரியும் கிழங்கோடு ஒட்டிய மண்ணிலும் கேடு பயணம் செய்யக்கூடும்.

அயர்லாந்தில் நேர்ந்ததோ இதனினும் கொடிது. அந்நாட்டு ஏழைகள், பெரும்பாலும் கத்தோலிக்கக் குடியானவர்கள், ஏறக்குறைய ஒரே இரகக் கிழங்கை நம்பி வாழ்ந்தனர். 1845-இல் கருகல் நோய் வந்தது. தோண்டும்போது நன்றாயிருந்த கிழங்கும் சேமித்த இடத்தில் அழுகியது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேர் நாட்டைவிட்டு அகன்றனர். அக்காலத்திலும் உணவுப்பொருள்கள் அங்கிருந்து கப்பலேறிக்கொண்டிருந்தன. நிவாரணப் பொறுப்பில் இருந்த இலண்டன் கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெல்யான், 1848-இல் எழுதிய நூலில் அப்பஞ்சத்தை இறைப் பராமரிப்பின் செயலாகக் கண்டார். அவரே 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக இங்கு வந்தவர். நோயை மனிதர் உண்டாக்கவில்லை என்பது உண்மை. ஆனால் களஞ்சியத்தில் தானியம் இருக்கப் பசித்தவனுக்கு அது எட்டாமற் போனது மனிதர் செய்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை இறைவன் பெயரால் மூடியதை மறைவு என்று சொல்லலாமா? அது ஒளிப்பு.

மறைவு வேறு, ஒளிப்பு வேறு. இரண்டும் வெளியே ஒன்றுபோல் தோன்றுவதால் நம் மனச்சான்று தடுமாறுகிறது. இரண்டையும் பிரித்தறிய மண்வெட்டியே உரைகல். மண்ணுக்குள் இருக்கும் நல்ல கிழங்கு தோண்டும் நாளுக்காகக் காத்திருக்கிறது. ஒளிக்கப்பட்ட தீமையோ அந்நாள் வாராதிருக்க வேண்டுமென விரும்புகிறது. முன்னதை யார் எப்போது தோண்டினாலும் நட்டம் சிறிதே. பின்னதைத் தோண்டாதிருக்கும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் துன்புறுகிறார்.

நம் இல்லங்களை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். கணவன் அடித்த காயத்தை முந்தானையால் மூடிக்கொள்ளும் பெண்ணிடம், குடும்ப மானம் வெளியே போகக்கூடாது என்கிறோம். அதனைப் பொறுமை என்றும் புகழ்கிறோம். அங்கே காக்கப்படுவது யாருடைய மானம்? ஊர்ப் பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவரை, ஒற்றுமையைக் கெடுப்பவர் என்கிறோம். அங்கே காக்கப்படுவது ஒற்றுமைதானா? தன் நற்செயலை மறைப்பவர் தனக்குரிய புகழை விட்டுக்கொடுக்கிறார். பிறர் துன்பத்தை மறைக்கச் சொல்பவர் தனக்குரியதல்லாத ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார். முன்னதற்கு நமக்கு உரிமையுண்டு. பின்னதற்கு எவருக்கும் இல்லை.

தழை மஞ்சளித்துச் சாய்ந்தபின், மாசி வாக்கில், பாத்தியைத் தோண்டலாம். கிடைப்பது ஒருவேளைக் குழம்புக்கே போதுமானதாக இருக்கலாம். அப்போதும் கிழங்கைப் பிரித்தாக வேண்டும். பச்சை படர்ந்தவை உணவுக்கு ஆகா. அழுகியவற்றை அன்றே அகற்ற வேண்டும். அவற்றைக் கூடையின் அடியில் போட்டு நல்லவற்றால் மூடிவைத்தால், சில நாளில் கூடை முழுவதும் கெடும். மண்வெட்டி பட்டுக் காயமுற்றவை கேடுற்றவை அல்ல. அவற்றை முதலில் எடுத்துச் சமைக்க வேண்டும்.