இயற்கை என்னும் சான்று

தாவரத்திலிருந்து கிடைத்தது என்பதனாலேயே ஒரு மணப்பொருள் தீங்கற்றதாகிவிடுமா என்னும் வினா, உணவு வேதியியலைச் சார்ந்ததாகத் தோன்றினும், அடிப்படையில் அளவையியலைச் சார்ந்தது. ஒன்றின் தோற்றுவாய் அதன் தன்மைக்குச் சான்றாகுமா என்பதையே அது கேட்கிறது. துளசி வகைகளிலும் சாதிக்காயிலும் உள்ள மெத்தில் யூஜெனால், புதினாக் குடும்பத்தில் காணப்படும் புலெகோன் முதலியவற்றின் செயற்கை வடிவங்களுக்கு அளித்திருந்த அனுமதியை 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விலக்கிக்கொண்டது. விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சேர்க்கைப்பொருள் எதுவாயினும், அளவைக் கருதாது விலக்கும் 1958ஆம் ஆண்டின் டெலானி விதியே இதற்குக் காரணம்; பயன்படுத்தப்படும் அளவில் மக்களுக்கு ஆபத்தில்லை என்று அந்நிர்வாகமே கூறியது விந்தைதான். ஆயினும் தாவரத்திலிருந்து வடித்தெடுக்கப்பட்ட அதே மூலக்கூறுகளை அவ்விலக்கு தொடவில்லை. கல்லீரலோ இவ்வேறுபாட்டை அறியாது: மெத்தில் யூஜெனால் எங்கிருந்து வந்தாலும், நொதிகள் அதை மாற்றி, மரபுப்பொருளாகிய டிஎன்ஏவோடு பிணையக்கூடிய வினைமிகு சேர்மமாக்குகின்றன. எனவே தத்துவ நோக்கில் இப்பாகுபாடு நிற்காது.

இயற்கையை நன்மையின் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்று, 1874இல் வெளியான கட்டுரையில் ஜான் ஸ்டூவர்ட் மில் வாதிட்டார். மணச் சேர்மங்கள் பலவற்றைத் தாவரங்கள் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் எதிர்க்கவே உருவாக்குகின்றன என்பது அவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. மிகுந்தால் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்னும் சேர்மம் காசியாப் பட்டையில் மிகுதியாகவும், இலங்கைக் கறுவாவில் மிகச் சிறிதளவாகவும் உள்ளது. இரண்டும் மரப்பட்டைகளே, இரண்டும் இயற்கையே.